பெசெல் எண் காப்பீடு ஆகாது: போலந்தில் குடியேறுகிறவர்கள் கவனத்துக்கு

“பெசெல் இருக்கிறதே, பிறகு ஏன் ஆஸ்பத்திரியில் பில் போட்டார்கள்?” போலந்துக்கு வேலைக்கு வரும் வெளிநாட்டினருக்கு ஆலோசனை சொல்லும் எந்த மேசைக்கும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். இந்த முறை கேட்டவருக்கு நடந்தது குடல்வால் அறுவை. கையில் பெசெல், பையில் வேலை ஒப்பந்தம், மாதாமாதம் வங்கியில் சம்பளம். காப்பீடு மட்டும் ஒரு நாள்கூட இருந்ததில்லை. இனியாவது இது நிற்க வேண்டும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பெசெல் என்பது போலந்து அரசு தரும் 11 இலக்க அடையாள எண், அவ்வளவுதான். முதல் ஆறு இலக்கங்கள் நீங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2000-லிருந்து பிறந்தவர்களுக்கு மாதத்தோடு 20 கூட்டி எழுதுவார்கள். 2001 மார்ச் 5-இல் பிறந்தவரின் எண் 012305 என்று தொடங்கும். மாதம் 23 எப்படி வரும் என்று பதறி, திருத்தச் சொல்லி அலுவலகத்துக்கு ஓட வேண்டாம், அது சரிதான். பத்தாவது இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. கடைசி இலக்கம் சரிபார்க்க. இந்தப் பதினொன்றில் விசா எங்கே இருக்கிறது? வேலை அனுமதி எங்கே? காப்பீடு எங்கே? எதுவும் இல்லை. உங்களை அரசுப் பதிவேட்டில் கண்டுபிடிக்க உதவும் எண் அது. தேடிப் பார்த்தால் உங்கள் பெயருக்கு நேரே காப்பீடு இல்லை என்றும் அதே எண்தான் காட்டும்.

முகவர்கள் இதைத் தெரிந்தே குழப்புகிறார்கள். “பெசெல் வாங்கிக் கொடுத்துவிட்டோம், எல்லாம் ஆயிற்று” என்கிறார்கள். அதை வாங்கிக் கொடுப்பது பெரிய காரியமே இல்லை. தங்கும் முகவரியை நகராட்சியில் பதிந்தாலே, அதாவது மெல்டுனெக் செய்தாலே, 30 நாளுக்கு மேற்பட்ட தங்கலுக்கு எண் தானாக வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு முகவரிக்கு வந்த நான்காம் நாளுக்குள் இந்தப் பதிவைச் செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். தற்காலிகப் பதிவுக்கான சான்று 17 ஸ்வோட்டி (ஸ்வோட்டி என்பது போலந்து நாணயம்). இதற்காக முகவருக்குப் பணம் கொடுத்திருந்தால் வீணாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

காப்பீடு எங்கிருந்து வருகிறது? உங்கள் சம்பளத்திலிருந்து உடல்நலப் பங்களிப்பு பிடிக்கப்பட்டு, ஸூஸ் எனப்படும் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் உங்கள் பெயர் பதிவாகும்போது வருகிறது. அது பதிவாகுமா என்பதை உங்கள் ஒப்பந்தத்தின் தலைப்பில் உள்ள சொல்லே சொல்லிவிடும்.

‘உமோவா ஓ பிராத்செ’ என்றிருந்தால் அது முழு வேலை ஒப்பந்தம். உடல்நலக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, நோய் விடுப்பு, ஆண்டுக்கு 20 அல்லது 26 நாள் சம்பளத்துடன் விடுப்பு எல்லாம் உண்டு. வேலையில் சேர்ந்து ஆறு மாதத்துக்குள் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இரண்டு வாரம், ஆறு மாதம் தாண்டினால் ஒரு மாதம், மூன்றாண்டு தாண்டினால் மூன்று மாதம் முன்னறிவிப்பு. ‘உமோவா ஸ்லெட்சேனியா’ என்றிருந்தால் சேவை ஒப்பந்தம். பொதுவாகக் காப்பீடு உண்டு. ஆனால் சம்பளத்துடன் கூடிய விடுப்பு சட்டப்படி கிடையாது. நோய்க் காலப் பணம் வேண்டுமென்றால் அந்தப் பங்களிப்பைப் பிடிக்கச் சொல்லி நீங்களே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காய்ச்சலில் படுத்த நாளெல்லாம் சம்பளமில்லா நாள். குறைந்தபட்ச மணிக்கூலி இதற்கும் பொருந்தும். 2026-இல் பிடித்தங்களுக்கு முன் 31.40 ஸ்வோட்டி. அதற்குக் கீழே எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது: ‘உமோவா ஓ ஜ்யேவோ’. ஓவியம் வரைவது, நூலை மொழிபெயர்ப்பது போல ஒரு முடிந்த படைப்பைக் கொடுப்பதற்கான ஒப்பந்தம். இதை மட்டும் வைத்திருப்பவருக்குப் பொதுவாக ஸூஸ் இல்லை, உடல்நலக் காப்பீடு இல்லை, குறைந்தபட்சக் கூலியும் இல்லை. கிடங்கில் பெட்டி அடுக்குவதும் தொழிற்சாலையில் மீன் வெட்டுவதும் எந்தக் கணக்கிலும் ஜ்யேவோ ஆகாது. அப்படிப்பட்ட வேலைக்கு இந்தத் தாளை நீட்டுகிற முதலாளி, உங்கள் காப்பீட்டுப் பணத்தைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார்.

மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 26 வயது நிரம்பாத மாணவர் ஸ்லெட்சேனியாவில் வேலை செய்தால் ஸூஸ் பிடித்தமே இருக்காது. கைக்கு அதிகம் வருகிறது என்று மகிழ்ந்துவிட்டு, காப்பீடு இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். என்எஃப்ஸெட் எனப்படும் தேசிய சுகாதார நிதியத்தோடு மாணவர்கள் தாங்களாகவே ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் கட்டலாம். அல்லது தனியார் காப்பீடு எடுக்கலாம். இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

சரிபார்ப்பது எளிது. ‘ப்ரோஃபில் ஸவுஃபானி’ என்ற இணைய அடையாளத்தை உருவாக்கிக்கொண்டு, நோயாளிகளுக்கான அரசு இணையக் கணக்கில் நுழைந்தால் காப்பீட்டு நிலை தெரியும். மருத்துவமனை வரவேற்பிலும் உங்கள் பெசெலைத் தட்டிப் பார்ப்பார்கள். பச்சை வந்தால் காப்பீடு உண்டு, சிவப்பு வந்தால் உறுதியாகவில்லை. சிவப்பு வந்தால் ஒரு தாளை நீட்டி, “எனக்குக் காப்பீடு உண்டு” என்று எழுதித் தரச் சொல்வார்கள். உண்மையிலேயே இருந்தால் மட்டும் எழுதுங்கள். இல்லாமல் எழுதினால் சிகிச்சைச் செலவை நிதியம் உங்களிடம் பின்னால் வசூலிக்கும். ஸூஸுக்கு என்ன கட்டப்பட்டது என்ற ‘ஆர்எம்யூஏ’ அறிக்கையை மாதம் ஒருமுறை முதலாளியிடம் கேட்டு வாங்கலாம். அது உங்கள் உரிமை, கேட்கத் தயங்காதீர்கள்.

மனைவி, கணவர், குழந்தைகள் வந்த பிறகு அவர்களும் தானாகச் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் பெயரை முதலாளி ஸூஸில் பதிய வேண்டும். நீங்கள் சொன்னால்தான் பதிவார். கூடுதலாக ஒரு காசும் பிடிக்கமாட்டார்கள். இலவசமாகக் கிடைப்பதைக் கேட்காமல் விட்டு, பிரசவ நேரத்தில் ஓடி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது. வேலையை விட்டால் 30 நாள் வரைதான் காப்பீடு நீடிக்கும். அதற்குள் அடுத்த ஏற்பாடு ஆகிவிட வேண்டும்.

இன்னொரு எண் விஷயம்: உங்கள் பெசெலை வைத்து வேறொருவர் கடன் வாங்க முடியும். 2024 ஜூன் 1 முதல் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் எண் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ‘எம்ஒபிவாட்டெல்’ செயலியிலோ நகராட்சியிலோ இலவசமாக முடக்கி வைக்கலாம். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம்.

தங்கும் அனுமதி அட்டையில் நடக்கும் தவறு வேறு வகை. விசா முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால் முடிவு வரும்வரை போலந்தில் தங்குவது சட்டப்படியானதே. அதற்குத் தரும் முத்திரையோ சான்றோ போலந்துக்குள் மட்டும் செல்லுபடியாகும். அதை வைத்துக்கொண்டு பெர்லினுக்குப் பேருந்து ஏறாதீர்கள். ஊருக்குப் போனாலும் திரும்பி வர விசா வேண்டும். எல்லையில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: ஜெர்மனி 2023 அக்டோபரில் போலந்து எல்லையில் சோதனையைத் தொடங்கியது, போலந்து 2025 ஜூலை 7 முதல் தன் பக்கத்தில் தொடங்கியது. அட்டை கைக்கு வந்த பிறகும் பொது விசா முறையில் இணைந்துள்ள மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் சுற்றிப் பார்க்கத்தான் போகலாம். போலந்து அட்டையோடு நெதர்லாந்தில் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேலை அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. பக்கத்துத் தொழிற்சாலையில் மணிக்கு இரண்டு ஸ்வோட்டி கூடக் கிடைக்கிறது என்று மாறிவிட்டால், அந்த நாளிலிருந்து உங்கள் வேலை சட்டவிரோதமாகிவிடும். தங்கலுக்கும் வேலைக்கும் சேர்த்த அனுமதி வைத்திருப்பவர் வேலை போனால் 15 வேலை நாளுக்குள் வொயெவோடா எனப்படும் மாகாண ஆளுநரின் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முதலாளி எழுதிப்போட்டால் ‘ஒஷ்வியாச்சேனியே’ என்ற எளிய பதிவிலேயே வேலை செய்யலாம் என்று இந்தியர்களிடமும் இலங்கையர்களிடமும் பணம் வாங்குகிறார்கள். அந்த முறை உக்ரைன், பெலாரூஸ், மால்டோவா, ஆர்மீனியா போன்ற சில நாட்டவருக்கு மட்டும்தான். நமக்குக் கிடையாது.

கையெழுத்துப் போடும் தாள்களில் ‘வெக்செல்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது கடன் பத்திரம். தொகை எழுதாமல் வெற்றாக வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் விலகும்போது எண்ணை நிரப்புவார்கள். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள். சம்பளம் தராவிட்டாலோ தாள் தர மறுத்தாலோ பிப் எனப்படும் அரசுத் தொழிலாளர் ஆய்வு அலுவலகத்தில் இலவசமாகப் புகார் கொடுக்கலாம்.

வீட்டு விளம்பரத்தில் உள்ள தொகை முழு வாடகை என்று நினைக்காதீர்கள். உரிமையாளருக்குப் போவது ஒன்று, கட்டட நிர்வாகத்துக்கான ‘சின்ஷ்’ இன்னொன்று, மின்சாரம், எரிவாயு, தண்ணீர் வேறு. மூன்றையும் கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். ‘நாயெம் ஒகாஸ்யொனால்னி’ என்ற வாடகை ஒப்பந்தத்தை உரிமையாளர் கேட்டால் பயப்படத் தேவையில்லை. வெளியேறச் சொன்னால் வெளியேறுவேன் என்று நோட்டரி முன் எழுதிக் கொடுப்பதும், அப்போது எந்த வீட்டுக்குப் போவீர்கள் என்று முகவரி காட்டுவதும் அதில் அடங்கும். அந்த முகவரியின் உரிமையாளர் சம்மதமும் வேண்டும். பலரும் இதில்தான் தடுமாறுகிறார்கள், முன்கூட்டியே ஒருவரைப் பார்த்து வையுங்கள். சாவி வாங்கும் நாளில் மீட்டர் அளவுகளையும் சுவர்க் கறைகளையும் எழுதி, இருவரும் கையொப்பமிட்ட ஒப்படைப்புத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் பழைய கீறலும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.

இனி மனிதர்கள். போலந்துக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று குறைப்படுகிறவர்கள், முதலில் தாங்கள் பேசுகிற விதத்தைக் கவனிக்க வேண்டும். கைபேசிச் செயலி ஆங்கிலத்திலிருந்து மாற்றித் தரும் வாக்கியம் பெரும்பாலும் ‘நீ’ என்று வரும். அலுவலகப் பெண்மணியிடம் ‘நீ’ போட்டால் அவர் முகம் இறுகத்தானே செய்யும்? ஆணுக்குப் பான், பெண்ணுக்குப் பானி. வினைச்சொல் படர்க்கையில் வரும்: “பான் மா பிலெட்?” என்றால் “ஐயாவிடம் பயணச்சீட்டு இருக்கிறதா?” தமிழருக்கு இது புரியாத விஷயமே இல்லை. மின்தூக்கியில் ஏறும்போதும், மருத்துவர் காத்திருப்பு அறையில் நுழையும்போதும் “ஜென் தோப்ரி” சொல்லுங்கள். அங்கே “க்தோ ஒஸ்தாட்னி?” என்று கேட்டு, கடைசி ஆள் யார் என்று தெரிந்துகொண்டால் வரிசையில் சண்டை வராது.

இரண்டு சொற்களில் ஏமாறுகிறார்கள். போலிஷில் ‘நோ’ என்றால் ‘ஆமாம்’. சக ஊழியர் “நோ, நோ” என்று தலையாட்டினால் ஒப்புக்கொள்கிறார் என்று பொருள். அடுத்தது ‘ஜென்குயே’, அதாவது நன்றி. உணவகத்தில் 100 ஸ்வோட்டித் தாளைக் கொடுத்துக்கொண்டே அதைச் சொன்னால், மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமாகிவிடும். சில்லறை கைக்கு வந்த பிறகு சொல்லுங்கள்.

விருந்துக்கு அழைத்தால் பூ எடுத்துப் போகலாம். நம் மொய்ப் பணம் போல ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான். சாமந்தி வேண்டவே வேண்டாம். நவம்பர் 1-இல் கல்லறைகளில் வைக்கும் பூ அது. வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசற்படிக்கு இருபுறமும் நின்று கை குலுக்காதீர்கள், உள்ளே வந்து குலுக்குங்கள்.

இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. குப்பையில் தாள் நீலம், கண்ணாடி பச்சை, பிளாஸ்டிக்கும் உலோகமும் மஞ்சள், உணவுக் கழிவு பழுப்பு, மிச்சமெல்லாம் கறுப்பு. 2025 அக்டோபர் முதல் வைப்புத்தொகைக் குறி போட்ட பிளாஸ்டிக் புட்டிக்கும் கேனுக்கும் 50 குரோஷ் (அரை ஸ்வோட்டி) திருப்பித் தருகிறார்கள், நசுக்கினால் கிடைக்காது.

மாடிப்படியின் கீழே ஒட்டும் அறிவிப்புகளை, போலிஷில் இருக்கிறது என்று கடந்து போகாதீர்கள். ‘கொமினியாஷ்’ என்ற சொல் இருந்தால் புகைபோக்கி ஆய்வாளர் வரும் நாள். அன்றைக்குக் கதவைத் திறந்துவிட ஆள் இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் குளியலறையில் எரிவாயு வெந்நீர் அடுப்பு இருக்கும். அது எரியக் காற்று வேண்டும், புகை வெளியேற வழி வேண்டும். குளிருக்குப் பயந்து சுவரின் மேல்பகுதியில் உள்ள காற்றோட்ட வலையை டேப் போட்டு ஒட்டுகிறார்கள், துணி அடைக்கிறார்கள். சன்னலும் இறுக மூடி, சமையலறையில் காற்றை வெளியேற்றும் விசிறியும் ஓடினால் புகை திரும்பி உள்ளே வரும். ‘சாட்’ என்று இங்கே சொல்லும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி என்றால் மாத்திரை தேடாதீர்கள். சன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்து, 112 அல்லது 998-ஐ அழையுங்கள். ஒரு சாட் அலாரத்தை வாங்கி மாட்டுங்கள், தயவுசெய்து. ஒட்டிய டேப்பை இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.