தனி ஆள் தங்கினால் ரூம் வாடகை ஏன் பாதியாவதில்லை?

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் இருபது ரூம் கொண்ட ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். காலை டிபனோடு இருவருக்கு 3,200 ரூபாய், தனி ஆளுக்கு 2,800, வரி தனி. இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள்தான், ஆனால் மலையில் பல இடங்களில் இரண்டு விலைக்கும் இடைவெளி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். தனியாக வருகிறவர் கேட்பது நியாயமான கேள்வி: கட்டிலில் பாதி காலியாகக் கிடக்கிறது, வாடகையில் மட்டும் எட்டில் ஏழு பங்கு ஏன்?

லாட்ஜ் விற்பது கட்டிலை அல்ல, ஆளுக்கு இவ்வளவு இடம் என்றும் அல்ல. ஒரு ரூமின் ஓர் இரவை விற்கிறது. அந்த இரவு விற்காமல் விடிந்தால் போனது போனதுதான், மறுநாள் சேர்த்து விற்க முடியாது. கட்டிடக் கடன், ரிசப்ஷன் ஆள், இரவுக் காவல், பெயின்ட், மின்இணைப்புக்கான நிலைக்கட்டணம் எல்லாம் ரூமில் எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. சிறிய ரூமாகக் கட்டி, குறைத்து விற்கலாமே என்றால், கழிப்பறை, கீசர், கதவு, குழாய் எல்லாம் ஒற்றைக் கட்டில் ரூமுக்கும் அதே எண்ணிக்கைதான். மிச்சமாவது சில சதுர அடித் தரை. மாடி மேல் மாடி எழுப்பக் கட்டுப்பாடு உள்ள மலையில், குடும்பமாக வருகிறவர்களுக்கும் கொடுக்க முடியாத ரூமைக் கட்ட யாரும் துணிய மாட்டார்கள்.

அப்படியானால் இரண்டாவது ஆளால் ஏறும் செலவு எவ்வளவு? முதலில் வெந்நீர். ஒருவர் குளிக்க 42 டிகிரியில் 25 லிட்டர் என்று கொள்வோம். ஊட்டியில் தொட்டித் தண்ணீர் 14 டிகிரியில் இருந்தால் 28 டிகிரி ஏற்ற வேண்டும். அதற்கு 0.81 யூனிட் மின்சாரம், கீசரிலும் குழாயிலும் இழக்கும் வெப்பத்தைச் சேர்த்தால் ஒரு யூனிட். சென்னையில் 28 டிகிரித் தண்ணீரில் தொடங்கினால் இதில் பாதி போதும். யூனிட் பத்து ரூபாய் என்றால் மலைக்குளியல் பத்து ரூபாய்.

அடுத்து தண்ணீர். ஹோட்டல்களில் படுக்கைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தரக் குறியீட்டு அளவு. கோடையில் 12,000 லிட்டர் லாரித் தண்ணீரை 1,500 ரூபாய்க்கு வாங்கினால், தலைக்கு 22 ரூபாய். குளியல் துண்டு காய்ந்திருக்கும்போது அரைக் கிலோ. மெஷினில் பிழிந்த பிறகும் கால் கிலோவுக்குக் குறையாமல் ஈரம் பிடித்திருக்கும். ஜூன், ஜூலையில் கொடியில் போட்டால் இரண்டு நாளானாலும் காயாது, டிரையர் ஓடியாக வேண்டும். துவைத்து உலர்த்த 18 ரூபாய். சோப்பு, ஷாம்பு 15, ரூமில் வைக்கும் டீ, காபிப் பொட்டலங்கள் 15. டிபனுக்கு 140. மொத்தம் 220 ரூபாய். பெட்ஷீட்டும் கம்பளியும் இந்தப் பட்டியலில் வராது: டபுள் பெட்டில் ஒருவர் படுத்தாலும் முழு விரிப்பையும்தான் மாற்ற வேண்டும்.

ஹீட்டரும் வராது. தூங்கும் மனித உடல் சுமார் 70 முதல் 80 வாட் வெப்பம் விடுகிறது. இரண்டாவது ஆள் ரூமைக் கொஞ்சம் சூடாகவே வைக்கிறார். ஆனால் அதே ஆளின் மூச்சிலும் தோலிலும் இருந்து எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 300 கிராம் நீராவி வெளியேறுகிறது. குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டால் அது கண்ணாடியில் முத்துமுத்தாகப் படிகிறது, அலமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சையாகிறது. சமவெளி லாட்ஜ்காரருக்கு இந்தச் செலவு தெரியவே தெரியாது. குளியலறை எக்ஸாஸ்ட் விசிறியைக் காலையில் அரை மணி நேரம் ஓடவிட்டு, செக்-அவுட் முடிந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரும்பகுதி தீரும்.

ஆக, ஒருவர் குறைந்தால் லாட்ஜுக்கு மிச்சம் 220. ஆன்லைன் தளம் வழியாக வந்த புக்கிங் என்றால் 18 சதவீதம் கமிஷன் என்று கொள்வோம். விலையில் 268 ரூபாய் குறைத்தால் கைக்கு வருவதில் 220தான் குறையும், மீதியைக் கமிஷன் தாங்கிக்கொள்கிறது. 3,200இல் இது எட்டு சதவீதம் சொச்சம். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. மலையில் இருட்டியதும் குளிர் ஏறிவிடும், இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போக யாருக்கும் மனம் வராது. ரெஸ்டாரன்ட் உள்ள இடத்தில் அந்த இரண்டாவது ஆளின் இரவுச் சாப்பாட்டில் 150 ரூபாய் லாபம் நின்றால், அவர் வராததால் அதுவும் போகிறது. அப்போது உண்மையான மிச்சம் வெறும் 70 ரூபாய்.

செலவுக் கணக்கு எப்படிப் போட்டாலும் 70க்கும் 268க்கும் இடையில்தான் நிற்கிறது. போர்டில் இருக்கும் 400 ரூபாய்த் தள்ளுபடியை அது விளக்கவில்லை. மீதித் தொகை, தனியாக வருகிறவர் யார், எந்த நாளில் வருகிறார் என்பதிலிருந்து வருகிறது. மெடிக்கல் ரெப், ஆடிட்டர், தேயிலை வாங்க வரும் வியாபாரி எல்லாம் திங்கள் முதல் வியாழன் வரை வருகிறவர்கள், மாதாமாதம் வருகிறவர்கள், விலை பார்த்து அடுத்த லாட்ஜுக்கு மாறக்கூடியவர்கள். அந்த நாட்களில் ரூம் காலியாகத்தான் கிடக்கும்.

இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் 1972இல் விமான இருக்கைகளுக்காகச் சொன்னது, ஹோட்டல் ரூமுக்கும் அப்படியே பொருந்துகிறது. குறைந்த விலைக்கு இப்போது கேட்கிறவரை எப்போது ஏற்கலாம்? அவரால் கிடைப்பது, அதிக விலைக்காரர் பிறகு வரும் வாய்ப்பை அந்த அதிகத் தொகையால் பெருக்கி வருவதைவிடக் குறையாமல் இருக்கும்போது.

நம் லாட்ஜில் போட்டுப் பார்ப்போம். இருவர் தங்கினால் கமிஷன் போக 2,624. இதில் ஆளுக்கு 220 வீதம் தலைச் செலவு 440, ரூமைச் சுத்தம் செய்து விரிப்பு மாற்ற 200 கழியும், இரவுச் சாப்பாட்டு லாபம் 300 சேரும். நிற்பது 2,284. தனி ஆள் 2,800 கொடுத்தால் இதே வழியில் 2,026. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 0.89. அதாவது மீதமுள்ள கடைசி ரூமுக்கு ஜோடி வரும் வாய்ப்பு 89 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் தனி ஆளைத் திருப்பி அனுப்புவது சரி. அவருக்கு 2,000 ரூபாய்க்கே கொடுத்தால் நிற்பது 1,370, வரம்பு 60 சதவீதம். ஜூன் மாதப் புதன்கிழமையில் பாதி ரூம் காலி என்றால் 2,000க்குக் கொடுப்பதும் லாபமே. மே மாதத்தில் அரசுத் தாவரவியல் பூங்காவின் மலர்க்கண்காட்சி நடக்கும் சனிக்கிழமையில் 2,800கூட நஷ்டம். சீசனில் சிங்கிள் ரேட் மறைந்துபோவதற்கு இதுதான் காரணம். கொடைக்கானலில் பிரையன்ட் பூங்கா மலர்க்கண்காட்சி சமயத்திலும் கதை இதேதான்.

2025 ஏப்ரல் முதல் சீசனில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று இ-பாஸ் வரம்பு வந்தது. இப்படி எண்ணி விடும்போது வண்டி நிறையக் குடும்பத்தோடு வருவதற்கே பாஸைப் பயன்படுத்துவார்கள் என்பது என் கணிப்பு. தனி ஆள் அரசுப் பேருந்தில் ஏறிவிடுவதே சுலபம்.

லாட்ஜ்காரர்கள் அடிக்கடி செய்யும் தவறு, சிங்கிள் ரேட்டைச் சதவீதமாகப் பதிந்து வைப்பது. டபுளில் 20 சதவீதம் குறைவு என்று ஆன்லைன் தளத்தில் ஒருமுறை போட்டுவிட்டால், சீசனில் டபுள் 6,000 ஆகும்போது தள்ளுபடி தானாக 1,200 ஆகிவிடும். டிபனும் துண்டும் அதே விலைதான். அதனால் ரூபாயில் நிலையான தொகையாக வையுங்கள், சீசன் வார இறுதிகளில் சிங்கிளை மூடிவிடுங்கள். இன்னொன்று, இந்தத் தளங்களில் தேடல் பெரும்பாலும் இரண்டு பேர் என்றே தொடங்கும். சிங்கிள் விலையைப் பதியாமல் விட்டால், எண்ணிக்கையை ஒன்று என மாற்றித் தேடுகிறவருக்கும் டபுள் விலைதான் தெரியும்.

ஒருவருக்கு என்று புக் செய்து இருவர் வந்து நிற்பது ரிசப்ஷனில் தினசரி நடக்கிற தகராறு. இரண்டு ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் வாங்கி, இருவரின் அடையாள அட்டையையும் பதிவு செய்துகொள்வதே முறை. அபராதம் போல ஆயிரம் ரூபாய் கேட்பது அநியாயம்.

வரி ஒரு விசித்திரம் செய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ரூமுக்கு நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18. ஒரு ரிசார்ட்டில் டபுள் 7,800, சிங்கிள் 7,400 என்றால் வரியோடு முன்னது 9,204, பின்னது 7,770. நானூறு ரூபாய் வித்தியாசம் விருந்தினர் கையில் 1,434 ஆகிறது.

மூன்றாவது ஆளுக்கு எக்ஸ்ட்ரா பெட் என்று இரண்டாவது ஆளைவிட அதிகம் கேட்பதையும் இங்கேயே புரிந்துகொள்ளலாம். இரண்டாவது ஆள் ஏற்கெனவே விரித்த கட்டிலில் படுக்கிறார். மூன்றாமவருக்குத் தனி மெத்தை, விரிப்பு, கம்பளி வேண்டும். மதுரையில் பாயும் போர்வையும் போதும், இங்கே கனத்த கம்பளி இல்லாமல் தூங்க முடியாது, நனைந்தால் அது காய நாட்கணக்காகும்.

டூர் பேக்கேஜில் 'இருவர் பகிர்ந்து தங்கும் விலை' என்று போட்டிருப்பதும் இதே கணக்குதான். இரண்டு இரவுக்கு ரூம் பங்கு தலைக்கு 3,200. ஜோடி இல்லாதவர் சிங்கிள் ரேட்டில் 5,600 கட்ட வேண்டும், அந்த 2,400 கூடுதலாகப் பில்லில் வரும். கூடாரத்தில் தங்க வைப்பவர்கள் மட்டும் தலைக்கு இவ்வளவு என்று வாங்க முடிகிறது, ஏனென்றால் அங்கே கூடாரம் மலிவு, மூன்று வேளைச் சாப்பாடுதான் பெரிய செலவு.

தனியாகப் போகிறவர்கள் ஞாயிறு இரவைப் பாருங்கள். மதியமே குடும்பங்கள் இறங்கிவிடும், வாரத்திலேயே லாட்ஜ் அதிகம் காலியாகக் கிடக்கும் இரவு அதுதான். நேரடியாகப் போன் செய்து கேட்டால் கமிஷன் மிச்சத்திலும் பங்கு கிடைக்கும். காலை ஆறு மணிக்கே கிளம்புவதாக இருந்தால் டிபன் இல்லாத ஈ.பி. (யூரோப்பியன் பிளான், ரூம் மட்டும்) ரேட் கேளுங்கள், தலைச் செலவில் பெரிய பங்கு அந்த 140தான்.