‘டியூ பிராசஸ்’ என்றால் ‘உரிய செயல்முறை’யா?

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றித் தமிழில் எங்கே பேச்சு வந்தாலும், ‘டியூ பிராசஸ்’ (due process) என்ற சட்டத் தொடருக்கு மொழிபெயர்ப்பாக இந்த ‘உரிய செயல்முறை’ வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு காணொளியில் பத்து நிமிடத்துக்குள் மூன்று தடவை கேட்டேன். பக்கத்தில் இருந்த தங்கை மகன், “மாமா, துப்பாக்கியை வாங்குறதுக்கு என்ன செயல்முறை, எப்படிக் கழட்டுறதுன்னா?” என்று கேட்டான். அவன்மேல் தப்பே இல்லை. பள்ளியில் செய்முறைத் தேர்வு எழுதுகிற பையனுக்கு அந்தச் சொல் அப்படித்தான் கேட்கும்.

வேர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டியூ’ என்பது பழைய பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல், ‘கொடுக்க வேண்டிய கடன்’ என்று பொருள். ‘பிராசஸ்’ என்பது வழக்கு நடத்துவதற்கும், அழைப்பாணையை உரியவர் கையில் சேர்ப்பதற்கும் இங்கிலாந்து நீதிமன்றங்களில் புழங்கிய சொல். 1215-இல் இங்கிலாந்து மன்னர் ஒப்புக்கொண்ட உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவில் ‘நாட்டின் சட்டம்’ என்றுதான் இருந்தது, 1354-இல் வந்த ஒரு சட்டத்தில் இந்தத் தொடர் வந்தது. பிறகு 1791-இல் அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்திலும் 1868-இல் பதினான்காம் திருத்தத்திலும் ஏறிக்கொண்டது. ஒருவரின் உயிரை, சுதந்திரத்தை, சொத்தைப் பறிக்குமுன் அரசு அவருக்குப் பட்டிருக்கிற கடன் என்பதுதான் சாரம். அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், அவர் பேச்சைக் கேட்க வேண்டும், சார்பில்லாத ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இப்போது ‘செயல்முறை’க்கு வருவோம். தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் கால் வைத்த யாருக்கும் அந்தச் சொல் தெரியும். ‘மாவட்ட ஆட்சியரின் செயல்முறைகள்’, ‘முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள்’ என்று தலைப்பிட்டு, கீழே ‘முன்னிலை’, ‘ந.க.எண்’ போட்டு, பொருள், பார்வை என்று இறங்கி, கடைசியில் அதிகாரியின் கையெழுத்தோடு முடியும் தாள் அது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு அனுப்புகிற உத்தரவு. அதைப் பெறுபவர் எதிர்த்துப் பேச அந்தத் தாளில் இடம் கிடையாது. அதிகாரியின் கையைக் கட்டிப்போடுகிற ஒரு கருத்துக்கு அதிகாரியின் உத்தரவைக் குறிக்கும் சொல்லையே வைத்தால் பொருள் நேர் எதிராகிவிடாதா?

2018 பிப்ரவரி 14-இல் ஃபுளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வெள்ளை மாளிகைக் கூட்டத்தில், ஆபத்தானவர்களிடமிருந்து முதலில் துப்பாக்கியை எடுத்துவிடலாம், டியூ பிராசஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் டிரம்ப் பேசினார். அவருடைய ஆதரவாளர்களே கொதித்தார்கள். ‘செயல்முறையை அப்புறம் பார்க்கலாம்’ என்று மொழிபெயர்த்தால் ஏன் கொதித்தார்கள் என்று எந்தத் தமிழ் வாசகருக்கும் புரியாது, ஏதோ படிவம் நிரப்புவதைத் தள்ளிப்போடுகிறார் என்றுதான் தோன்றும். தண்டனை முதலில், விசாரணை பிறகு என்று சொன்னதாக அவர்கள் காதில் விழுந்தது. அந்தச் சூடு தமிழில் வர வேண்டும்.

வேறு சிலர் ‘டியூ பிராசஸை’ ‘சட்டப்படியான நடைமுறை’ என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு இன்னும் ஆழமானது. நம் அரசியலமைப்பை எழுதியபோது இந்த ‘டியூ பிராசஸ்’ வேண்டாம் என்று தெரிந்தே விலக்கி, ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்ற பொருளில், உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்புத் தரும் 21-ஆம் உறுப்பை அமைத்தார்கள். அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா போய் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்துவிட்டு வந்ததும் அதற்கு ஒரு காரணம். அதன் விளைவு 1950-இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் வழக்கில் தெரிந்தது. சென்னை மாகாணம் அவரைத் தடுப்புக்காவலில் வைத்திருந்தது. சட்டம் ஒரு நடைமுறையைச் சொல்லியிருக்கிறது, அது நியாயமா என்று நாங்கள் பார்க்க முடியாது என்ற திசையில் உச்ச நீதிமன்றம் போனது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான், நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று அது திருத்திக்கொண்டது. இரண்டும் ஒன்றென்றால் இந்த 28 வருடப் போராட்டமே தேவைப்பட்டிருக்காதே.

பார்க்லண்டுக்குப் பிறகு ஃபுளோரிடாவில் வந்த, ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கிவைக்கும் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் மனுப் போட்டால், துப்பாக்கிக்காரர் இல்லாமலே நீதிபதி தற்காலிக ஆணை போடலாம். 14 நாளுக்குள் இரு தரப்பையும் வைத்து விசாரிக்க வேண்டும். தெளிவான, நம்பத்தக்க சான்று இருந்தால் 12 மாதம் வரை துப்பாக்கி கைக்கு வராது. அந்த முதல் 14 நாள்தான் சண்டை முழுவதும். நாளைக்கே சுடப்போகிறேன் என்பவனுக்கு முன்கூட்டி நோட்டீஸ் அனுப்பிக் காத்திருக்க முடியாது, அதே நேரம் பொய்ப் புகாரில் ஒருவரின் உரிமை போய்விடவும் கூடாது. என் கருத்து, விசாரணை விரைவாகவும் உண்மையாகவும் நடந்தால் அந்த இடைவெளி தாங்கக்கூடியதுதான். ஆனால் அதை எதிர்ப்பவரின் வாதத்தை ‘இது சட்டப்படியான நடைமுறை இல்லை’ என்று மொழிபெயர்த்தால் அவரை முட்டாளாக்குகிறோம். சட்டப்படிதான் நடக்கிறது, அந்தச் சட்டமே தனக்குரியதைத் தரவில்லை என்பதல்லவா அவர் புகார்!

‘உரிய’ மட்டும் இருக்கட்டும். அது ‘உரிமை’யின் உடன்பிறப்பு, கடன் என்ற பொருளை அழகாகத் தாங்குகிறது. ‘முறை’யும் பழஞ்சொல். ‘ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை’ என்ற குறளில் ‘முறை’ என்றால் நீதி. விசாரித்து, யார் பக்கமும் சாயாமல் செய்வது. ‘முறையீடு’ என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் தனி ‘முறை’ இன்று ‘விதம்’ என்று தேய்ந்துவிட்டதால் முன்னால் ‘நீதி’ வேண்டும். ஆகவே ‘உரிய நீதிமுறை’ என்று எழுதுங்கள். இடம் இருந்தால் ‘விசாரித்துத் தீர்க்கும் உரிய நீதிமுறை’ என்று ஒரு தடவை விரித்துவிடுங்கள்.

அப்புறம், ஃபுளோரிடாவில் உள்ளது போன்ற சட்டங்களுக்கு அமெரிக்காவில் வழங்கும் ‘ரெட் ஃபிளாக் சட்டம்’ என்ற பெயரைச் ‘சிவப்புக் கொடிச் சட்டம்’ என்று போடுவதையும் நிறுத்த வேண்டும். நம் ஊரில் சிவப்புக் கொடி என்றால் எந்தக் கட்சிகள் நினைவுக்கு வரும் என்று மொழிபெயர்ப்பவருக்குத் தெரியாதா? 1999-இல் கனெக்டிகட்டில் முதலில் வந்த இவ்வகைச் சட்டத்தின் வேலை, ஆபத்து தெரியும்போது ஆயுதத்தை விலக்கிவைப்பது. ‘ஆபத்துத் தடுப்பு ஆணை’ போதும். எதிராளி இல்லாமல் போடும் ஆணையை ‘ஒருதலைப்பட்ச ஆணை’ என்பதும் அநியாயம். ஒருதலைப்பட்சம் என்றால் நீதிபதி பாரபட்சமானவர் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ‘ஒருதரப்பு ஆணை’ என்றால் நடந்தது மட்டும் வரும்.