ஒரே நீரிணை, இரண்டு ஓட்டம்

1680 வாக்கில் இஸ்தான்புல்லில், பாஸ்பரஸ் நீரிணையின் நடுவே படகில் இருந்தபடி லூயிஜி மார்சிலி என்ற இத்தாலிய இளைஞர் ஒரு கயிற்றைத் தண்ணீரில் இறக்கினார். கயிறு நெடுக வெள்ளை பூசிய தக்கைகள். மேலே இருந்தவை தெற்கே இழுபட்டன. இன்னும் ஆழத்துக்கு இறக்கியதும், அடியில் இருந்தவை வடக்கே திரும்பின. அங்கத்திய மீனவர்களுக்கு இது புதிதல்ல. அவருக்கு அதைச் சொன்னவர்களே அவர்கள்தான்.

காரணம் இதுதான். பாஸ்பரஸுக்கு வடக்கே கருங்கடல்; தெற்கே, மர்மரா கடலைத் தாண்டி, மத்தியதரைக் கடல். டானூப், நீப்பர் போன்ற பேராறுகள் கருங்கடலில் கொட்டுகின்றன. அதனால் அங்கே நீர்மட்டம் சற்று உயரம்; அந்த உயரம் மேல்நீரைத் தெற்கே தள்ளுகிறது. மத்தியதரைக் கடலிலோ வெயில் நீரை உறிஞ்ச, உப்பு தங்கிவிடுகிறது. கருங்கடலின் மேல்நீரில் கிலோவுக்குச் சுமார் 18 கிராம் உப்பு, மத்தியதரைக் கடல் நீரில் 38. உப்பு நீர் கனமானது. ஆழம் போகப் போக அந்தக் கனம் சேர்ந்துகொண்டே வரும். ஓரிடத்தில் அது கருங்கடலின் உயரத்தை ஈடுகட்டிவிடும். அதற்குக் கீழே தண்ணீர் வடக்கே ஓடும். மார்சிலி இதையும் ஊகத்தில் விடவில்லை. ஒரு பெட்டியின் நடுவே தடுப்பு வைத்து, அதில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை போட்டார். ஒரு பக்கம் கனமான நீர், மறு பக்கம் லேசான நீர். இரண்டும் எதிரெதிராகப் பாய்ந்தன. 1681இல் இதை அச்சிட்டார். எனக்கு அந்தக் கயிற்றைவிட இந்தப் பெட்டிதான் பிடிக்கும்.

சரி, இந்த ஓட்டத்துக்கும் இஸ்தான்புல்லின் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம்?

கிரேக்கர்கள் முதலில் குடியேறியது ஆசியக் கரையில், கால்செடோனில் (இன்றைய காடிகோய்). எதிர்க்கரையில் பைசாண்டியம் (இன்றைய இஸ்தான்புல்லின் பழைய பகுதி) பிறகுதான் வந்தது. இவ்வளவு நல்ல இடத்தை விட்டுவிட்டு எதிரே போய் உட்கார்ந்தவர்கள் குருடர்கள்தான் என்று ஒரு பாரசீகத் தளபதி கேலி செய்தாராம். கேலிக்குப் பின்னால் நீரோட்டம் இருக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள நீரிணை வளைந்து வளைந்து போவதால், மேலோட்டம் கரைக்குக் கரை மோதித் திரும்புகிறது. கடைசியாகப் பைசாண்டியத்தின் முனையில் மோதிப் பிரிந்து, ஒரு சிறு பங்கு, அந்த ஊரின் துறைமுகமான பொற்கொம்பு என்னும் கடற்கழிக்குள் நுழைகிறது. கால்செடோனுக்கு அது எட்டுவதே இல்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதை விவரித்திருக்கிறார்: பைசாண்டியத்துக்குக் கப்பல் தானாக வரும், கால்செடோனுக்குப் போராடித்தான் போக வேண்டும். சூரை மீன் கூட்டங்களும் அந்தக் கழிக்குள்தான் வந்து மாட்டின.

பலமான தெற்குக் காற்று, 'லோடோஸ்', அடித்தால் மேலோட்டமே தலைகீழாகத் திரும்பிவிடும். அதற்கு உள்ளூரில் 'ஓர்கோஸ்' என்று பெயர். காற்று மிஞ்சினால் காடிகோய்ப் படகுகள் நின்றுவிடும். அப்புறம் என்ன, 2013இல் திறந்த மர்மராய் சுரங்க ரயிலில் ஏறி, கடல் மட்டத்துக்குச் சுமார் 60 மீட்டர் கீழே, இரண்டு ஓட்டங்களுக்கும் அடியில் புகுந்து ஊர் போய்ச் சேர்கிறார்கள்.