லோகோ என்பது ஒரு கறை

விளம்பரங்களில் வரும் கியூஆர் கோடுகளின் நடுவில் பெரும்பாலும் ஒரு லோகோ உட்கார்ந்திருக்கும். அதற்கென்றே அங்கே இடம் விட்டிருப்பார்கள் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். அப்படி எந்த இடமும் இல்லை. கியூஆர் கோடை உருவாக்கியவர்கள் லோகோவுக்காக ஒரு கட்டத்தைக்கூட ஒதுக்கவில்லை. அங்கே இருந்த கட்டங்களை அழித்துவிட்டுத்தான் லோகோ வந்து அமர்ந்திருக்கிறது. செல்போனைப் பொறுத்தவரை அது யாரோ மை கொட்டிவிட்ட இடம். கறை படிந்த கோடை எப்படிச் சரிசெய்து படிக்குமோ அப்படித்தான் இதையும் படிக்கிறது.

கறையைத் தாங்கும் இந்தக் குணம் வந்த இடம் கார் தொழிற்சாலை. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் கார் உதிரிபாகப் பெட்டிகளில் பார்கோடு ஒட்டியிருந்தார்கள். ஒரு பார்கோடில் ஏறக்குறைய 20 எழுத்துகள்தான் அடங்கும். தகவல் கூடக்கூட ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஒட்ட வேண்டி வந்தது. ஊழியர்கள் அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அலுத்துப்போனார்கள். போதாக்குறைக்கு எண்ணெய்ப் பிசுக்கு வேறு. கார் உதிரிபாகம் செய்யும் டென்சோ நிறுவனத்தில் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தவர் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர். பார்கோடு தகவலை ஒரு திசையில் மட்டும் வைக்கிறது. குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்தால் என்ன? 'கோ' விளையாட்டுப் பலகையில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள் பரவிக் கிடப்பதைப் பார்த்தபோது இந்த யோசனை பிடிபட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1994இல் கியூஆர் கோடு வெளிவந்தது. வெறும் எண்கள் என்றால் அதிகபட்சம் 7,089 இலக்கங்கள் அதில் அடங்கும். காப்புரிமையைக் கையில் வைத்திருந்தும், தர விதிகளின்படி பயன்படுத்துவோரிடம் நிறுவனம் பணம் கேட்கவில்லை. விளம்பர உலகம் பின்னாளில் இதைத் தன் வீட்டுச் சொத்துபோல எடுத்தாண்டதற்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

செல்போன் முதலில் செய்ய வேண்டிய வேலை, படத்தில் கோடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள் அதற்குத்தான். அந்தச் சதுரத்தின் நடு வழியாக ஒரு வரி இழுத்துப் பாருங்கள்: கறுப்பு 1 பங்கு, வெள்ளை 1, கறுப்பு 3, வெள்ளை 1, கறுப்பு 1. இந்த 1:1:3:1:1 விகிதம் சும்மா வந்ததல்ல. துண்டுப்பிரசுரம், பத்திரிகை, அட்டைப்பெட்டி என்று அச்சான பொருள்களை ஹாராவின் குழு அள்ளிப்போட்டு, கறுப்பும் வெள்ளையும் எந்தெந்த விகிதங்களில் வருகின்றன என்று அளந்து பார்த்தது. அச்சில் மிக அரிதாக வருவது இந்த விகிதம் என்று தெரிந்ததும் அதையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். ஒன்றுக்குள் ஒன்றான சதுரங்கள் என்பதால், நடு வழியாக எந்தச் சாய்வில் வரி இழுத்தாலும் விகிதம் மாறாது. செல்போனைத் தலைகீழாகப் பிடித்தாலும் கோடு கிடைத்துவிடுவது இதனால்தான். நான்காவது மூலையில் சதுரம் இல்லாததை வைத்து எது மேல், எது கீழ் என்று தெரிந்துகொள்கிறது.

ஆகவே மூலைச் சதுரங்களுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. நடுவில் கை வைத்தால் கோடு பொறுத்துக்கொள்ளும். மூலைச் சதுரத்தை விரலால் மறைத்தால் பல செல்போன்கள் அங்கேயே கைவிட்டுவிடும்.

அடுத்து, தகவல். மிகச் சிறிய கோடில் பக்கத்துக்கு 21 கட்டங்கள். அதிலிருந்து நான்கு நான்காகக் கூடி 40ஆவது அளவில் 177 கட்டங்கள் வரை போகும். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1. எட்டு கட்டங்கள் பொதுவாக 2க்கு 4 என்ற சின்னச் செங்கலாகச் சேர்ந்து ஒரு பைட் ஆகின்றன. வலது கீழ் மூலையில் தொடங்கி மேலும் கீழுமாக வளைந்து வளைந்து இந்தச் செங்கற்கள் அடுக்கப்படுகின்றன.

அப்படியே அடுக்கிவிட்டால் ஒரு தொல்லை உண்டு. சில தகவல்களுக்குப் பெரிய வெள்ளைத் திட்டு விழும். சில நேரம் மூலைச் சதுரத்தைப் போலவே ஒரு வடிவம் நடுவில் முளைத்து ஸ்கேனரை ஏமாற்றும். இதற்காக எட்டு 'முகமூடி'கள் உண்டு. சதுரங்கப் பலகை மாதிரி ஒன்று, பட்டை மாதிரி ஒன்று என எட்டு நிலையான வடிவங்கள். முகமூடியில் கறுப்பு விழும் இடத்திலெல்லாம் கோடில் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். உருவாக்கும் மென்பொருள் எட்டையும் போட்டுப் பார்க்கும். ஒரே நிறம் தொடர்ந்தால் இத்தனை, மூலைச் சதுரத்தின் சாயல் தெரிந்தால் இத்தனை என்று அபராதப் புள்ளிகள் போட்டு, குறைவான அபராதம் பெற்றதைத் தேர்ந்தெடுக்கும். எந்த முகமூடி என்பதை மூலைச் சதுரங்களை ஒட்டி இரண்டு இடங்களில் எழுதியும் வைக்கும். கியூஆர் கோடு எப்போதும் 'இரைச்சலாக'த் தெரிவது இந்த அழகுப்போட்டியின் விளைவு. அழகு என்று நான் சொல்வது ஸ்கேனரின் கண்ணுக்கு.

இனி கறைக்கு வருவோம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் லிங்கன் ஆய்வகத்தில் இருந்த இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட கணக்குமுறைதான் இங்கே வேலை செய்கிறது. கீறல் விழுந்த சிடி பாடியதும் இதே கணக்கால்தான். அதன் உயிர்நாடியைப் பள்ளிக்கூட வடிவியலிலேயே சொல்லிவிடலாம்.

ஒரு நேர்கோட்டைச் சொல்ல இரண்டு புள்ளிகள் போதும். (தமிழில் இரண்டுமே கோடாகிவிட்டது, இந்தப் பத்தியில் வருவது ஸ்கேலால் போடும் கோடு.) அதே நேர்கோட்டில் மூன்றாவது புள்ளி ஒன்றையும் சேர்த்து உங்களுக்கு அனுப்புகிறேன். வழியில் ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டால், மூன்றும் நேராக இல்லை என்பதால் தவறு நடந்தது தெரியும். எது தவறு என்று தெரியாது. நான்காக அனுப்பினால்? மூன்று நேராக நிற்கும், ஒன்று மட்டும் விலகி நிற்கும். விலகியதைத் தள்ளிவிட்டு நேர்கோட்டை மீட்டுக்கொள்ளலாம். அதாவது, எங்கே இருக்கிறதென்று தெரியாத ஒரு தவறைத் திருத்த இரண்டு உபரிப் புள்ளிகள் வேண்டும். ரீட்-சாலமன் முறை நேர்கோட்டுக்குப் பதில் வளைந்து நெளியும் பல்லுறுப்புக்கோவைகளை எடுத்துக்கொள்கிறது. சாதாரண எண்களுக்குப் பதில் 256 உறுப்புகள் மட்டுமே கொண்ட ஓர் எண்ணுலகில் கூட்டிப் பெருக்குகிறது. தத்துவம் அதேதான்.

இந்த உபரியை எவ்வளவு வைப்பது என்பதற்கு நான்கு நிலைகள். ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதம் பைட்டுகள் கெட்டாலும் மீட்கலாம். இதற்கு விலை உண்டு. 21 கட்டக் கோடில் மொத்தம் 26 பைட்டுகள். கீழ்நிலையில் 19 பைட் தகவலுக்கு, 7 பாதுகாப்புக்கு. மேல்நிலையில் கணக்கு தலைகீழ்: தகவலுக்கு 9தான், மீதி 17ம் காவலுக்கு. அந்தப் பதினேழின் பலத்தில் 8 பைட்டுகள் வரை கெட்டாலும் பாதகமில்லை.

டிசைனர்கள் கைவைத்தது இந்தக் காவல் பைட்டுகளில்தான். மேல்நிலையைத் தேர்ந்தெடுத்து, எண்ணெய்க் கறைக்காக வைத்திருந்த பொறுமையை லோகோவுக்குச் செலவழித்துவிட்டார்கள். அச்சிட்டபின் ஒரு மடிப்போ, வெயில் பட்ட பளபளப்போ விழுந்தால் செலவழிக்கக் கையிருப்பு குறைவு. '30 சதவீதம்' என்பதைப் பரப்பளவு என்று எடுத்துக்கொள்வதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தப்பு. கணக்கு பைட்டில். எட்டு கட்டங்களில் ஒன்று தவறினாலும் அந்த பைட் முழுவதும் போனதாகத்தான் அர்த்தம். ஒரே இடத்தில் கட்டியாக அமரும் லோகோவைவிட, கோடு முழுக்கத் தூவிய சின்னச் சின்னப் பூக்கள் அதிக பைட்டுகளைக் கெடுக்கும். பார்வைக்கு என்னவோ பூக்கள்தான் சாதுவாகத் தெரியும்! பெரிய கோடுகளில் பைட்டுகளைப் பல குழுக்களாகப் பிரித்து, சீட்டு கலைப்பதுபோல மாற்றி மாற்றி அடுக்குவார்கள். ஒரே இடத்தில் விழும் கறையின் பாரத்தை எல்லாக் குழுக்களும் பகிர்ந்துகொள்ளட்டும் என்பதற்காக.

கட்டங்களை வட்டமாக்குவது, விளிம்பை மழுக்குவது போன்ற அலங்காரங்களுக்கு இந்தக் கையிருப்பு பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்கேனர் ஒவ்வொரு கட்டத்தின் நடுப்பகுதியைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த ஓட்டையை இன்னும் அகலமாக்கியது. ஒவ்வொரு கட்டத்தையும் 3க்கு 3 என ஒன்பது துண்டாக்கி, நடுத்துண்டை மட்டும் உண்மை நிறத்தில் விட்டு, சுற்றியுள்ள எட்டில் ஒரு புகைப்படத்தின் நிழலை நிரப்பினார்கள். தள்ளி நின்று பார்த்தால் படம் தெரியும், செல்போன் அதைக் கோடாகவும் படிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ரஸ் காக்ஸ் என்ற நிரலாளர் 2012இல் செய்த வேலை. அவர் ஒரு கட்டத்தைக்கூடக் கெடுக்கவில்லை. இணைய முகவரியில் # குறிக்குப் பின்னால் வருவதைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்பாது. அங்கே எந்த எண்ணை எழுதினாலும் அதே பக்கம்தான் திறக்கும். ஆகவே படத்துக்குத் தோதாக அந்த எண்களைத் தேர்ந்தெடுக்கலாம். காவல் பைட்டுகள் என்ன செய்யும் என்றால், அவையும் வசப்படும். தகவல் பைட்டுகளும் அவற்றுக்கான காவல் பைட்டுகளும் சேர்ந்த சரியான ஒரு தொகுதியின் மேல் சரியான இன்னொன்றை வைத்து, வேறுபடும் இடத்தில் 1, ஒத்துப்போகும் இடத்தில் 0 என்று எழுதினால் கிடைப்பதும் சரியான தொகுதியே. இந்தக் குணத்தை வைத்து, எந்தெந்தக் கட்டங்கள் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று அவரால் பெருமளவு கட்டளையிட முடிந்தது. படமும் கிடைத்தது, காவலும் முழுசாக மிஞ்சியது. லோகோவை நடுவில் ஒட்டுவதோடு ஒப்பிட்டால் இது வேறு ஜாதிக் கைவேலை.

மை இல்லாமலும் கியூஆர் கோடு போடலாம். 2012இல் தென் கொரியாவின் இமார்ட் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் சியோலில் முப்பரிமாணத்தில் ஒரு கோடு வைத்தது. எழும்பி நிற்கும் துண்டுகளின் நிழல் நண்பகல் 12 முதல் 1 மணி வரை மட்டுமே சரியான கட்டங்களில் விழும். கடையில் ஆள் குறைவான நேரமும் அதுதான். ஸ்கேன் செய்தவர்களுக்குத் தள்ளுபடி. இது நடப்பதற்குக் காரணம், செல்போனுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை என்பது. படத்தைச் சாம்பல் நிறமாக்கி, அந்தந்தப் பகுதியின் சராசரி வெளிச்சத்தோடு ஒப்பிட்டு, குறைந்தால் கறுப்பு, மிஞ்சினால் வெள்ளை என்று முடிவு கட்டுகிறது. நிழலும் கறுப்புதான். வெள்ளைத் தாளில் அழகான மஞ்சள் கோடை அது படிக்காமல் போவதும் இதனால்தான். அடர்நீலத்தைத் தாராளமாகப் படிக்கும். 2021 ஏப்ரலில் ஷாங்காயில் ஒரு வீடியோ கேமுக்காக 1,500 ட்ரோன்கள் இரவு வானத்தில் கோடாக நின்றன. அங்கே விளக்குப் புள்ளிகளும் இருட்டும் மட்டுமே.

2023இல் படம் வரையும் செயற்கை நுண்ணறிவின் கையில் கோடு கிடைத்தது. மலை, மரம், கோயில் கூரை என்று ஓவியமாகத் தெரியும். வெளிச்சமும் நிழலும் மட்டும் கோடின் கட்டங்களுக்கு அடங்கி விழுந்திருக்கும். மோகம் பரவிய கையோடு ஒரு செல்போன் படிப்பதை இன்னொன்று படிக்கவில்லை என்ற புலம்பலும் பரவியது. வெளிச்சத்தின் சராசரியை எவ்வளவு பரப்புக்கு எடுப்பது என்பதில் ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் போகிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு சாம்பல் கட்டம் ஒன்றுக்குக் கறுப்பு, இன்னொன்றுக்கு வெள்ளை.

அலங்காரம் வேண்டாம், கோடு சிறிதாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: முகவரியை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கொடுப்பது. எண்கள், பெரிய எழுத்துகள், முகவரிக்குத் தேவையான புள்ளி, சாய்கோடு, முக்காற்புள்ளி உட்பட 45 குறிகளுக்குத் தனிச் சுருக்குமுறை இருக்கிறது. இரண்டு குறிகள் 11 பிட்டில் அடங்கும். சிறிய எழுத்தில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 8 பிட். கீழ்நிலைப் பாதுகாப்பில் 25 குறிகள் கொண்ட முகவரி பெரிய எழுத்தில் 21 கட்டக் கோடுக்குள் நுழைந்துவிடும். சிறிய எழுத்தில் 17தான் நுழையும். தளத்தின் பெயர்ப் பகுதிக்கு எழுத்தின் அளவு முக்கியமில்லை. அதற்குப் பின்னால் வரும் பகுதியில் சில சர்வர்கள் பெரியது சிறியது பார்க்கும், சோதித்துவிட்டு அச்சிடுவது நல்லது.

இத்தனை ஜோடனைகளுக்கும் நடுவே, அதிகம் பேசப்பட்ட கியூஆர் விளம்பரம் 2022 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஒளிபரப்பில் வந்தது. கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்க உதவும் காயின்பேஸ் நிறுவனம் 60 நொடி நேரத்தை வாங்கி, கறுப்புத் திரையில் ஒரு கோடை மட்டும் நிறம் மாறியபடி விளிம்புக்கு விளிம்பு முட்டி மிதக்கவிட்டது, பழைய டிவிடி பிளேயரின் ஸ்கிரீன்சேவர் மாதிரி. நடுவில் லோகோ கிடையாது. நிறுவனத்தின் பெயர் கடைசியில்தான் வந்தது. கோடைப் படித்ததில் குறையில்லை. ஸ்கேன் செய்த கூட்டம் மொத்தமாக வந்து இறங்கியதில் செயலிதான் சற்று நேரம் முடங்கிப்போனது.