மூளிக்காதன் சாலைக்கு வந்த காரணம்

சாயல்குடியிலிருந்து நரிப்பையூர் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நரி ஒன்று அடிபட்டுக் கிடப்பதாக விடியற்காலையில் வனத்துறையினர் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. இடது காதில் பாதி இல்லை. ஆடு மேய்ப்பவர்கள் வைத்த பெயர் மூளிக்காதன். தடுப்பூசி முகாம்களுக்குப் போகும் வழியில், உடைமரங்களுக்கு நடுவே நான்கு ஆண்டுகளாக அதைப் பார்த்து வந்தேன். நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வாய்த்ததில்லை. ஆனாலும் அதைக் கண்டால் வண்டியை மெதுவாக்காமல் போனதில்லை.

பிரேதப் பரிசோதனையை அங்கேயே மர நிழலில் செய்தோம். வெளியே பெரிய காயம் இல்லை, மூக்கில் மட்டும் கொஞ்சம் ரத்தம். வயிற்றைத் திறந்தால் கல்லீரல் கிழிந்து உள்ளே ரத்தம் குளம் கட்டியிருந்தது. கோரைப்பற்களில் ஒன்று விழுந்துவிட்டது, மற்றவை மொட்டை. கறியைக் கத்தரிக்க வேண்டிய கடைவாய்ப்பற்கள் ஈறோடு ஈறாகத் தேய்ந்திருந்தன. வலது கண்ணில் புரை. காட்டு நரிக்கு எட்டு, ஒன்பது வயது என்பதே கிழப்பருவம். இரைப்பையில் சாளை மீன் செதில், மீன் குடல், பனம்பழ நார், கறுப்புப் பாலித்தீன் பையின் கிழிசல். எலியைத் துரத்திப் பிடிக்கும் பிராணியின் வயிற்றில் எலி மயிர் ஒன்றுகூட இல்லை.

அந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சின்னப் பாலம். இரவில் மீன் கழிவை மூட்டை கட்டி அங்கேதான் வீசுகிறார்கள். பல் போன நரிக்கு அது சத்திரத்துச் சாப்பாடு.

சாலை விபத்து என்றதும் ஓட்டுநரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வேகமும் காரணம்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும். விளக்கைத் தாழ்த்தி ஓட்டும்போது தெரிவதே சில பத்து மீட்டர் தூரம்தான். பிரேக்கை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உயர்த்தினாலோ எதிர்ப்படும் பிராணி கண் கூசி அப்படியே நின்றுவிடுகிறது. ஆனால் அது சாலைக்கு வருவதே நாம் போட்ட இலைக்காக என்பதை யாரும் பேசுவதில்லை. தார்ச்சாலையைக் களமாக்கி நெல்லையும் கம்பையும் காயப்போட்டால் மயில் வருகிறது. அடிபட்ட நாயைக் கிடந்த இடத்திலேயே விட்டால் பருந்தும் நரியும் வருகின்றன, அடுத்த வண்டி அவற்றையும் அடிக்கிறது. செத்த நாயையோ பாம்பையோ கண்டால், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு கம்பால் சாலையை விட்டு நன்றாகத் தள்ளிப் போடுங்கள். காட்டு விலங்கு என்றால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அடிபட்டு உயிரோடு கிடக்கும் விலங்கின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரக்கத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் நினைவில்லாத பிராணிக்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கூட்டம் கூடுவதும் கெடுதல். மான் பயத்திலேயே செத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நரியைக் கையால் தூக்கவே கூடாது. வெறிநோய் இருக்கலாம். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போய்விட வேண்டும்.

கையுறையைக் கழற்றும்போது ஒருவர் பக்கத்தில் வந்து, “நரிக்கொம்பு கிடைக்குமா, டாக்டர்?” என்று மெல்லக் கேட்டார். நரிக்குக் கொம்பே கிடையாது. நரியின் பல்லையோ நகத்தையோ எடுத்துப்போனாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சொன்னேன், நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று மாலையே பாலத்தருகே மீன் விற்பவரிடம் பேசினேன். சம அளவு வெல்லம் கலந்து ஊறவைத்தால் மீன் கழிவு மீன் அமிலமாகிவிடும், பயிருக்கு நல்லது என்றேன். இப்போது மிளகாய் விவசாயி ஒருவர் வாரம் இரண்டு வாளி வாங்கிப் போகிறார். மிச்சம் இன்னும் பாலத்தடியில்தான் விழுகிறது. போன வெள்ளிக்கிழமை இரவு அங்கே வேறொரு நரி நின்றுகொண்டிருந்தது.