தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் மட்டும் இருக்கட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். இரண்டரை வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் அப்பா எங்கள் குழந்தைகள் வார்டுக்கு ஓடிவந்தார். பின்னாலேயே அம்மாவும் பாட்டியும். அப்பாவின் இரண்டு கையிலும் மஞ்சள் பெயின்ட். குழந்தையைக் கட்டிலில் கிடத்தும்போதே சட்டையிலிருந்து தின்னர் வாடை குப்பென்று வந்தது. மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டி ஓடியது. மூக்கு விடைத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தது.

பழைய ஸ்கூட்டர் டயர்களுக்கு வண்ணமடித்து மாடியில் பூச்செடி வைக்கலாம் என்று அப்பாவுக்கு ஆசை. நல்ல ஆசைதான். பிரஷ் கழுவுவதற்காகத் தின்னரை ஓர் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். வெயில் நேரம், குழந்தைக்குத் தாகம். எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டான். இருமியதைப் பார்த்துப் பதறிப்போன பாட்டி, வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்திருக்கிறார். அது போதாதென்று உப்புத் தண்ணீர் கொடுத்து இன்னொரு தடவை.

நான்கு நாள் ஆக்சிஜன் ஓடியது. நேற்று வீட்டுக்குப் போய்விட்டான், நன்றாக இருக்கிறான். ஆனால் இந்தக் கோடையில் எங்கள் வார்டுக்கு வந்த நான்காவது குழந்தை இவன். ‘பாட்டில் கேஸ்’ என்றே எங்கள் நர்ஸ்கள் பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பழைய பொருளைத் தூக்கிப் போடாமல் திரும்பப் பயன்படுத்துவதை நான் குறை சொல்லவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு இருந்த வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். அம்மாவின் நூல் புடவை எனக்குத் தூளியாக இருந்தது, பிறகு கால்மிதியாகி, கடைசியில் அடுப்படிக் கைப்பிடித் துணியாகி ஓய்ந்தது. கவனித்துப் பாருங்கள், அந்தக் காலத்துப் பெண்கள் சாப்பாட்டு டப்பாவில் சாப்பாட்டுப் பொருளைத்தான் போட்டார்கள். மண்ணெண்ணெய்க்குத் தனி டின், அதற்குக் கொல்லைப்புறத்தில் தனி மூலை. நாம்தான் பாட்டில்கள் மலிந்துபோன பிறகு எல்லாவற்றையும் எல்லாவற்றிலும் ஊற்ற ஆரம்பித்துவிட்டோம்.

என்னென்ன ஊற்றுகிறோம்? தெருவில் தள்ளுவண்டியில் ‘ஆசிட்... பினாயில்...’ என்று கூவிக்கொண்டு வருபவரிடம் காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் கொடுத்து வாங்குகிறோம். வெள்ளைப் பினாயிலைத் தண்ணீரோடு கலந்தால் அசல் பால் நிறம். கருப்புப் பினாயில் டிகாஷன் மாதிரி. கழிவறை ஆசிட் இளமஞ்சளாக எலுமிச்சை ஜூஸ் போல இருக்கும். தின்னரும் டர்பன்டைனும் பச்சைத் தண்ணீரேதான். ரேஷன் மண்ணெண்ணெயின் நீலம்கூடக் குழந்தைக்கு ஒரு ஜூஸ் நிறம். இவற்றைத் தினமும் அது குடிக்கிற அதே பாட்டிலில், அதே மூடி போட்டு வைத்தால் அது என்ன செய்யும்?

இதைச் சொன்னதும் பெற்றோர் சொல்கிற பதில்தான் எனக்கு ஆற்றாமையாக வருகிறது. “டாக்டர், மேலே பெரிதாக ஆசிட் என்று எழுதி ஒட்டியிருந்தோமே!” யாருக்காக எழுதினீர்கள்? இரண்டு வயதுக் குழந்தைக்கு எழுத்து தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே எழுத்து பாட்டிலின் உருவம். இந்த உருவத்தில் இருப்பது குடிக்கிற பொருள் என்று பிறந்ததிலிருந்து நாம்தான் அதற்குப் பழக்கியிருக்கிறோம். வெளியே போனால் அதே பாட்டில்தான், பள்ளிக்கூடப் பையிலும் அதே பாட்டில்தான். நாம் கற்றுக்கொடுத்ததைக் குழந்தை சரியாகப் படித்திருக்கிறது. அதன்மேல் ஒரு தவறும் இல்லை.

“மூடியை இறுக்கித்தான் மூடியிருந்தோம்.” கைக்குழந்தைப் பருவம் தாண்டிய பிள்ளைகள் பாட்டில் மூடியைப் பல்லால் கடித்தே திறந்துவிடும். “மேல் அலமாரியில் வைத்திருந்தோம்.” நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற வயதுதான் இது. சரி, அப்படியே எட்டாத உயரத்தில் வைத்தாலும், கழிவறை கழுவுகிற அந்தப் பத்து நிமிடம் பாட்டில் தரையில்தானே இருக்கிறது? என்னிடம் வந்த குழந்தைகளில் பலரும் குடித்தது பெரியவர்கள் பொருளை எடுத்துப் புழங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான். அன்றைக்கு அப்பா இரண்டடி தூரத்தில் இருந்தார், டயருக்கு மஞ்சள் அடித்துக்கொண்டு.

“வாடை அடிக்குமே, எப்படிக் குடிக்கும்?” குடிக்கும். தாகத்தில் முதல் வாய் உள்ளே போன பிறகுதான் வாடையும் எரிச்சலும் தெரியும். அந்த ஒரு வாயே போதும். இது குழந்தைக்கு மட்டும் என்றும் நினைக்காதீர்கள். ராத்திரி கரண்ட் போன நேரத்தில் தண்ணீர் என்று நினைத்து எடுத்துக் குடித்த தாத்தாக்களைப் பெரியவர்கள் வார்டில் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்து, வாந்தி. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ‘விஷம் உள்ளே போனால் வெளியே எடுத்துவிட வேண்டும்’ என்பது நம் ஊரில் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சாணிக்கரைசல் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒன்று. மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன், பெட்ரோல் விஷயத்தில் இது தலைகீழ். இவை வயிற்றில் கிடக்கும்வரை பெரும்பாலும் அவ்வளவு தொல்லை இல்லை. மூச்சுக்குழாய்க்குள் வழிந்து நுரையீரலுக்குப் போனால்தான் ஆபத்து. தண்ணீரைவிட வழவழவென்று ஓடுகிற இவற்றுக்கு, வாந்தி எடுக்கும்போது நுரையீரல் வாசல் அகலமாகத் திறந்த மாதிரி. ஒரு மில்லி உள்ளே போனால்கூட நெஞ்சில் சளி கட்டியது போல எக்ஸ்ரே வெளுத்துவிடும். அந்தப் பையன் குடித்ததைவிட வாந்தியில்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருப்பான் என்பது என் கணிப்பு. பாட்டியிடம் இதை நான் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார்.

இதனால்தான் இந்தக் குழந்தைகளுக்கு நாங்கள் பொதுவாக வயிறு கழுவுவதில்லை. “டியூப் போட்டு வயிற்றைக்கூடக் கழுவாமல் சும்மா படுக்க வைத்திருக்கிறார்கள்” என்று சொந்தக்காரர்கள் வார்டு வாசலில் சண்டைக்கு வருவார்கள். டியூப் போட்டால் ஓங்கரிக்கும், அதே ஆபத்துதான். சும்மா படுக்க வைத்துக் கவனிப்பதும் வைத்தியம். நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஆறேழு மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும். மூச்சிரைப்பு தாமதமாகவும் வரலாம்.

ஆசிட், சாக்கடை அடைப்பு நீக்குகிற காஸ்டிக் சோடா இவற்றுக்கும் வாந்தி கூடவே கூடாது. இறங்கும்போது ஒருமுறை சுட்டது ஏறும்போது இரண்டாவது முறை சுடும். பால், மோர், எலுமிச்சை கொடுத்து ‘முறிக்கவும்’ பார்க்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று மாம்பழ ஜூஸ் பாட்டிலில் இருந்த ஆசிட்டைக் குடித்து வந்தது. முதல் வாரம் தேறிவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். மூன்றாவது வாரம் இட்லி இறங்கவில்லை, அப்புறம் கஞ்சியும் இறங்கவில்லை. வெந்துபோன உணவுக்குழாய் ஆறும்போது சுருங்கிவிட்டது. எண்டோஸ்கோபி வழியாக அதை விரித்து விடுவதற்கு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் பெரிய ஊருக்குப் போய்வந்தார்கள். ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து, ஒவ்வொரு முறையும் வெறும் வயிறு. ஒருநாள் அவள் அம்மா கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினார். குழைய வடித்த ரசம் சாதத்தை ஒரு கவளம் வாயில் வைத்து, விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டுகிறாள், ‘போயிடுச்சு’ என்று. ஆசிட்டைச் சில்லறையாக விற்பதற்கு 2013-இலேயே உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் நம் தெருவில் கிடைக்கிறது, நாமும் பாட்டிலை நீட்டுகிறோம். தயவுசெய்து நீட்டாதீர்கள்.

கிராமத்தில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பூச்சிமருந்து கேனை வெட்டி மோட்டார் கொட்டகையில் தண்ணீர் மொள்ள வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வயலுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற ஐந்து லிட்டர் கேனின் மூலையில் பூச்சிமருந்து லேபிளின் பாதி கிழிந்த சிவப்பு முக்கோணத்தையும் பார்த்திருக்கிறேன். சிவப்பு என்றால் இருப்பதிலேயே கடும் விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்பதற்காகத் தண்ணீர் பிடிக்கலாம் என்று அர்த்தமில்லை. சோப்புப் போட்டுப் பத்துத் தரம் கழுவினேன் என்பதெல்லாம் செல்லாது, மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஏறியிருக்கும். 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து. அந்த எண்ணெய் பழைய பூச்சிமருந்து டப்பாவில் இருந்ததாகத்தான் அப்போது செய்தி வந்தது. காலி கேனை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிக்கிற டேங்கிலேயே ஊற்றிவிட்டு, கேனைக் குத்திக் கிழித்துவிடுங்கள். ஓட்டையான கேனை யாரும் குடத்துக்குப் பதிலாக எடுக்க மாட்டார்கள்.

இனி அந்த டயர். வெட்டாமல் அப்படியே படுக்க வைத்தாலும் நிறுத்தி வைத்தாலும் உள்வளைவில் தண்ணீர் நிற்கும். டெங்கு கொசுவுக்கு அதுபோதும். ‘தண்ணீரைக் கவிழ்த்துவிட்டோம்’ என்பார்கள். ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பக்கச் சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்துபோய் மாதக்கணக்கில் கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். அதனால் டயரில் அடிப்பக்கம் நான்கைந்து துளை போட்டு, உள்வளைவு நிறைய மண்ணை அடைத்து நடுங்கள். பழைய பக்கெட், உடைந்த வாஷ்பேசின், தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை நாரைப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதை ஒரு ஞாயிறுகூடத் தவற விடாதீர்கள்.

பழைய கதவு, ஜன்னல், தொட்டில் இவற்றைத் தேய்த்துப் புது வண்ணம் அடிக்கிறவர்கள் வீட்டுக்குள் உப்புத்தாள் போடாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அந்தத் தூசி தவழ்கிற குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். கொசுவிரட்டிக் காலி ரீஃபிலில் கற்பூரத்தைக் கரைத்து ஊற்றுகிற வித்தையும் வேண்டாம். குழந்தைக்கு வலிப்பு வரக் கொஞ்சம் கற்பூரம் போதும். பழைய ரிமோட்டை விளையாடக் கொடுப்பதென்றால் உள்ளே இருக்கிற பட்டன் பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும்.

ஒருவேளை குழந்தை எதையாவது குடித்துவிட்டால்: வாயைத் துடையுங்கள். நனைந்த சட்டையைக் கழற்றி உடம்பைத் தண்ணீரால் கழுவுங்கள். குடிக்க ஒன்றும் கொடுக்க வேண்டாம், விரலை விடவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸில் இருக்கிற தேசிய விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117, இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

கிளம்பும்போது அந்தப் பாட்டிலை மறக்காமல் கையோடு கொண்டு வாருங்கள், மிச்சம் இருப்பதோடு. பயத்திலும் கோபத்திலும் அதைக் கொட்டிக் கழுவி எறிந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் திட்ட மாட்டோம். உள்ளே இருந்தது ஆசிட்டா, தின்னரா, பூச்சிமருந்தா என்று தெரிந்தால்தான் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது என்று எங்களால் முடிவெடுக்க முடியும். அன்றைக்கு அந்த அப்பா கொண்டுவந்திருந்தார். மஞ்சள் விரல் தடம் பதிந்த அரை லிட்டர் பாட்டில், கால்வாசி காலியாக.