கல்லின் மேல் மிதக்கும் சக்கரம்

வடக்கு பிரான்சில் ஆரன்பெர்க் காட்டுக்குள் ஒரு பாதை கோடு கிழித்ததுபோல நேராகப் போகிறது. ஒரு டிராக்டர் போகும் அகலம். நீளம் 2.3 கிலோமீட்டர்தான். தரை முழுக்கக் கல் பாவியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கல் இன்னொரு கல்லோடு மட்டமாக இல்லை. ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும், பக்கத்தில் உள்ளது உள்வாங்கிக் கிடக்கும், இடுக்கில் புல்லும் சேறும். நடந்து போனாலே கணுக்கால் பிசகும். ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நூறு சைக்கிள் வீரர்களுக்கு மேல், விரலைவிடக் கொஞ்சமே தடிமனான டயர்களில், முடிந்த மட்டும் வேகமாக அதற்குள் பாய்கிறார்கள். யாரும் பிரேக்கைத் தொடுவதில்லை.

பாரிஸ்–ரூபே என்று இந்தப் போட்டிக்குப் பெயர். ரூபே நகரத்து நெசவாலை முதலாளிகள் இருவர் தாங்கள் கட்டிய சைக்கிள் அரங்கத்துக்குக் கூட்டம் சேர்க்க 1896-இல் தொடங்கியது. பெயரில் பாரிஸ் இருந்தாலும் 1977 முதல் அதற்கு வடக்கே உள்ள கோம்பியேன் நகரத்திலிருந்துதான் கிளம்புகிறார்கள். முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் வழியைப் பார்க்கப் போன பத்திரிகைக்காரர்கள் குண்டு விழுந்து உழுதுபோட்ட நிலத்தைப் பார்த்துவிட்டு ‘வடக்கின் நரகம்’ என்று எழுதினார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2024-இல் மொத்தத் தூரம் 259.7 கி.மீ. அதில் கல் பாவிய பகுதிகள் 29. அவற்றை மட்டும் கூட்டினால் 55.7 கி.மீ. இந்தக் கற்சாலையைப் பிரெஞ்சில் ‘பாவே’ என்கிறார்கள். தளம் பாவுவது, கல் பாவுவது என்று நாம் சொல்வதற்கும் அதற்கும் உறவு ஏதும் கிடையாது. ஆனாலும் முதல்முறை கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது.

சரி, ஏன் பிரேக் பிடிப்பதில்லை? கல்லில் வேகமாகப் போனால்தான் குலுக்கல் குறையும் என்பது அங்கே வண்டி ஓட்டும் எல்லோரும் சொல்வது. கேட்டால் நம்ப முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

பழைய கல்லின் மேற்பக்கம் தேய்ந்து ஆமை முதுகுபோல இருக்கும். ஒரு முதுகின் உச்சிக்கும் அடுத்ததன் உச்சிக்கும் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 34 செ.மீ. அவ்வளவு பெரிய வட்டம் இரண்டு முதுகுகளுக்கு நடுவே முழுக்க உட்கார்ந்தாலும் 8 மி.மீ.தான் இறங்கும். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதற்குமேல் இறங்க முடியாது. அந்த 8 மி.மீ. இறங்கிவிட்டு அடுத்த கல்லில் மோதி மேலே ஏறுகிறதே, அதுதான் நம் கைக்கும் இடுப்புக்கும் வரும் அடி.

மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போக 12 மில்லி விநாடி. இறங்குவதற்குக் கிடைப்பது அதில் பாதி, 6 மில்லி விநாடி. அந்த நேரத்தில் புவியீர்ப்பில் தானாக விழும் பொருள் 0.2 மி.மீ.கூட விழாது. அதே சாலையில் 15 கி.மீ. வேகத்தில் போனால் கிடைக்கும் நேரம் மூன்று மடங்கு. விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால் அது ஒன்பது மடங்கு ஆகி 1.6 மி.மீ. வரும். மெதுவாகப் போகிறவரின் சக்கரம் ஒவ்வொரு குழியையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறுகிறது. வேகமாகப் போகிறவரின் சக்கரம் உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவுகிறது.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சக்கரம் தன் எடையால் மட்டும் விழுவதில்லை. மேலே 75 கிலோ ஆள் உட்கார்ந்து அமுக்குகிறார். நசுங்கிய டயரும் இடம் கிடைத்ததும் விரிந்துகொள்ளப் பார்க்கும். ஆகவே சக்கரம் முழுக்க மிதப்பதில்லை, கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. தவிர, தாவுவதெல்லாம் சின்னக் குழிகளுக்குத்தான். மூன்று செ.மீ. துருத்தி நிற்கும் ஒரு கல் வந்தால் வேகமே எதிரி. ரிம் நெளியும், டயர் கிழியும். கண்ணை முன்னால் வைத்து அப்படிப்பட்ட கல்லைத் தவிர்த்துக்கொண்டே போக வேண்டும். கூட்டத்துக்குள் முன்னவரின் முதுகை ஒட்டிப் போனால் காற்று எதிர்ப்பு வெகுவாகக் குறையும், ஆனால் தரை தெரியாது. அதனால்தான் கல் தொடங்கும் இடத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்பே முதல் பத்து இடத்துக்குள் வர அவ்வளவு முட்டிமோதல். கல்லைவிட அந்த முட்டிமோதலில் கீழே விழுகிறவர்களும் உண்டு.

இனி உடம்புக்கு வருவோம். மணிக்கு 40 கி.மீ.யில் விநாடிக்கு 11 மீட்டர். 15 செ.மீ.க்கு ஒரு கல் என்றால் விநாடிக்கு எழுபதுக்கு மேற்பட்ட தட்டுகள். 55.7 கி.மீ.க்கும் சேர்த்தால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்றரை லட்சத்துக்கு மேல். இப்படிப்பட்ட அதிர்வில் தசை ஒரு வேலை செய்யும். தசைநார் அதிர்ந்தால் தசை தானாகவே சுருங்கும். அது அனிச்சைச் செயல், நாம் கேட்டுக்கொள்வதில்லை. முன்கைத் தசை சுருங்கினால் பிடி இறுகும். பிடி இறுகினால் கைப்பிடியின் அதிர்வு இன்னும் முழுசாக எலும்புக்குள் ஏறும். அதனால் தசை இன்னும் சுருங்கும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர் நாலைந்து கற்பகுதிகளுக்குள் விரலை நீட்ட முடியாமல் தவிப்பார்.

பழகியவர் கைப்பிடியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடிக்கிறார். பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது. முழங்கை மடங்கியிருக்கும், உடம்பு கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும், கனமான கியரில் மெதுவாக, ஆனால் விடாமல் மிதிப்பார். பக்கத்திலிருந்து பாருங்கள்: சைக்கிள் கீழே பேயாட்டம் ஆடும், தலை மட்டும் ஒரே கோட்டில் வழுக்கிக்கொண்டு போகும். இந்தப் போட்டியில் நான் கண்ணெடுக்காமல் பார்ப்பது அந்தத் தலையைத்தான். தலை ஆடத் தொடங்கிவிட்டால் அவர் கதை முடிந்தது.

தளர்வாக இருப்பது வலிக்காக மட்டும் அல்ல. ஒவ்வொரு அடியிலும் உடம்பு மேலே தூக்கப்படுகிறது. அதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? முன்னோக்கிப் போகும் வேகத்திலிருந்து. தூக்கப்பட்ட உடம்பின் தசையும் கொழுப்பும் குலுங்கி அந்த ஆற்றலை வெப்பமாக்கி வீணடிக்கின்றன. கால் உண்டாக்கியதை இடுப்பும் தோளும் தின்றுவிடுகின்றன. சைக்கிள் மட்டும் ஆடி, ஆள் ஆடாமல் இருந்தால் தூக்க வேண்டிய எடை சில கிலோதான்.

இங்கேதான் டயரைப் பற்றிய பழைய நம்பிக்கை உடைந்தது. ‘காத்து கல்லு மாதிரி இருந்தாத்தான் வண்டி பறக்கும்’ என்று நம் ஊர் சைக்கிள் கடையில் சொல்லிக் கேட்டிருப்போம். ஐரோப்பியத் தொழில்முறை அணிகளும் வெகுகாலம் அதையே நம்பின. 21, 23 மி.மீ. டயரில் சாதாரண சாலைக்கு 8 பார் (காற்றழுத்தத்தின் அளவு) வரை காற்று. வழவழப்பான தளத்தில் அது உண்மைதான். டயர் குறைவாக நசுங்கினால் ரப்பரில் வீணாகும் ஆற்றலும் குறைவு. கரடுமுரடான தரையில் கணக்கு தலைகீழ். நசுங்காத டயர், நசுங்க வேண்டிய வேலையை உங்கள் உடம்பிடம் தள்ளிவிடுகிறது.

ஒரு எளிய கணக்கு. ஒரு சக்கரத்தின் மேல் 40 கிலோ எடை. 8 பார் என்றால் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 8 கிலோ தாங்கும், ஆகவே தரையைத் தொடும் பரப்பு 5 சதுர செ.மீ. காற்றை 4 பாராகக் குறைத்தால் பரப்பு 10 சதுர செ.மீ. தொடும் இடம் இரட்டிப்பு, பிடிமானம் அதிகம், துருத்திய கல்லின் முனை டயருக்குள் அமிழ்ந்து மறைந்துவிடும். ஆனால் ஒல்லி டயரில் இப்படிக் காற்றைக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ரப்பர் மாட்டிப் பொத்துக்கொள்ளும். எனவே டயர் அகலமாக வேண்டும். இன்று ரூபேயில் 30, 32 மி.மீ. டயர் சாதாரணம். பலர் டியூபே போடுவதில்லை. உள்ளே ஊற்றிய திரவம் சின்ன ஓட்டைகளைத் தானே அடைத்துவிடும். எத்தனை பார் என்பது அணிகள் வெளியே சொல்லாத ரகசியம். வீரரின் எடை, மழை, தூசி எல்லாவற்றையும் பார்த்து அன்று காலையில் முடிவாகும்.

இடையில் இன்னொரு வழியையும் முயன்றார்கள். 1992, 1993 இரண்டு ஆண்டும் வென்ற பிரெஞ்சு வீரர் ஜில்பெர் துக்லோ-லஸ்ஸால் முன்பக்கம் மலைச் சைக்கிளில் இருப்பதுபோன்ற சஸ்பென்ஷன் ஃபோர்க் போட்டிருந்தார். கல்லில் நன்றாக வேலை செய்தது. ஆனால் மீதி 200 கி.மீ.க்கு மேல் மட்டமான தார்ச்சாலை. அங்கே அது வெறும் சுமை. கடைசியில் அகலமான டயரே சஸ்பென்ஷனாகிவிட்டது. விலை குறைவு, எடை குறைவு, உடையவும் ஒன்றுமில்லை. உடைவது சின்ன விஷயம் அல்ல. 2006-இல் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்கேபி முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது கைப்பிடியை முன்சக்கரத்தோடு இணைக்கும் தண்டு முறிந்து, கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அவர் கீழே விழுந்தார்.

எடை குறைந்தவர்களுக்கு இந்தச் சாலை இரக்கம் காட்டாது. அதே கல், அதே அடி, ஆனால் லேசான உடம்பு அதிகமாகத் தூக்கியெறியப்படும். டூர் டி பிரான்ஸ் மலைகளில் எல்லோரையும் உதறிவிட்டுப் போகும் தாதெய் பொகாச்சார் 2025-இல் முதல்முறை இங்கே வந்து இரண்டாம் இடம் பிடித்தார் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

மழை பெய்தால் எல்லாம் மாறும். சாலையின் நடுப்பகுதி மேடாகவும் ஓரங்கள் தாழ்வாகவும் இருக்கும். காய்ந்த நாளில் ஓரத்து மண்ணில் ஒதுங்கிக் கல்லிலிருந்து தப்பலாம். மழையில் ஓரம் சேற்றுக் குழி, மேட்டின் முதுகில் மட்டுமே போக முடியும். அங்கே கல்லின் மேல் படிந்த களிமண் எண்ணெய்போல வழுக்கும். பெண்களுக்கான போட்டி முதன்முதலாக 2021 அக்டோபரில் நடந்தபோது தரை அப்படித்தான் இருந்தது. பிரிட்டனின் லிஸ்ஸி டெய்க்னன் 80 கி.மீ.க்கு மேல் தனியாகவே ஓட்டி வென்றார். கையுறை போடவில்லை. அவர் சைக்கிளின் கைப்பிடி நாடாவில் ரத்தக்கறை படிந்திருந்தது.

ஆரன்பெர்க் பாதையை இந்தப் போட்டிக்குக் காட்டிக்கொடுத்தவர் ழான் ஸ்டாப்லின்ஸ்கி. 1962-இன் உலக சாம்பியன். இளம் வயதில் அதே இடத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1968-இல் பாதை முதன்முதலாகப் போட்டியில் சேர்ந்தது. அவர் பூமிக்கடியில் உழைத்த நிலத்தின் மேலேயே பிறகு சைக்கிள்கள் ஓடின. சுரங்கம் தோண்டிய மண் ஆங்காங்கே அமிழும். காட்டை ஒட்டி அப்படி அமிழ்ந்த இடம் ஒன்று ஏரியாகவே கிடக்கிறது. பாதை மட்டும் எப்படி மட்டமாக இருக்கும்? 1998-இல் பெல்ஜியத்தின் யோஹான் முசேயுவ் இங்கே விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கியது. காயத்தில் கிருமி தொற்றிக் காலையே எடுக்க வேண்டிவரும் என்ற நிலை. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் ரூபே அரங்கத்தில் முதலாவதாகக் கோட்டைக் கடந்தபோது கையைத் தூக்கவில்லை. இடது காலைத் தூக்கி முழங்காலைச் சுட்டிக் காட்டினார்.

அந்தக் கற்களைப் பாதுகாக்கவென்றே ஆர்வலர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. பெயர்ந்த கல்லை எடுத்து, மணல் பரப்பி, கையால் தட்டித் திரும்ப வைக்கிறார்கள். ஆரன்பெர்க்கில் மரநிழல் அதிகம், ஈரம் காயாது, கல்லிடுக்கில் புல் மண்டும். ஈரப்புல் மேல் டயர் நிற்காது. 2024-இல் போட்டிக்கு முன் அந்தப் புல்லை மேய ஆடுகளை ஓட்டிவந்து விட்டார்கள். அந்த ஆண்டு சாலையும் காய்ந்திருந்தது. நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூல் கல்லும் தாருமாக மொத்தத் தூரத்தையும் சராசரி மணிக்கு 47.8 கி.மீ.யில் முடித்தார். இந்தப் போட்டி அதுவரை காணாத வேகம். பரிசாக அவர் கையில் கொடுத்தது, எல்லா ஆண்டும் கொடுப்பதுபோல, பீடத்தில் பொருத்திய ஒரு பாவுகல்.